உஷார்! உங்கள் வாக்குச்சீட்டு ஒன்று காணாமல் போய் 60 ஆண்டு ஆகிறது

பினாங்குத் தீவில் சொந்த வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை மாநகர் மன்றத்திலிருந்து ஒரு பில் வருகிறது. அதுதான் சுக்காய் பிந்து. முதல் அரையாண்டுப் பணத்தைப் பிப்ரவரி இறுதிக்குள்ளும், அடுத்ததை ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்டியாக வேண்டும். தவறினால் அபராதம் விழும். அந்தப் பணத்தில்தான் குப்பை அள்ளுகிறார்கள், லொங்காங் தூர்வாருகிறார்கள். ஒட்டுக்கடைக்கு லைசென்ஸ் தருவதும், பாசாரை நடத்துவதும், உங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவில் அடுக்குமாடி எழும்பலாமா என்று தீர்மானிப்பதும் அதே மன்றம்தான்.

அந்த மன்றத்தில் இருக்கும் 24 கவுன்சிலர்களில் ஒருவரையாவது நீங்கள் வாக்குப் போட்டு அனுப்பினீர்களா? இல்லை. உங்கள் அப்பா அனுப்பினாரா? அவரும் இல்லை. தாத்தாவோ பாட்டியோ அனுப்பியிருக்கலாம். ஏனென்றால் ஜோர்ஜ்டவுன் மக்கள் தங்கள் மாநகர் மன்றத்துக்குக் கடைசியாக வாக்களித்தது 1963இல். அப்போது வாக்களிக்கும் வயது 21. அன்று வரிசையில் நின்றவர்களில் ஆக இளையவருக்கும் இன்று 80 வயது தாண்டிவிட்டது. அந்தத் தலைமுறை போய்விட்டால், இப்படியொரு உரிமை நமக்கு இருந்தது என்று சொல்லக்கூட இந்த ஊரில் ஆள் இருக்காது.

எச்சரிக்கை மணி அடிப்பது அதனால்தான். ஜனநாயகம் பறிபோவது என்றால் ராணுவ டாங்கிகள் தெருவில் இறங்கும், வானொலி நிலையத்தைப் பிடிப்பார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பினாங்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு தேர்தலைத் தள்ளி வைத்தார்கள். மக்களும் பொறுத்துக்கொண்டார்கள். தள்ளி வைத்த தேர்தல் இன்றுவரை வரவில்லை.

இருந்தது, எடுத்துக்கொள்ளப்பட்டது

மலாயாவிலேயே ஊராட்சித் தேர்தலுக்கு முன்னோடி ஜோர்ஜ்டவுன்தான். 1857இலேயே, கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலத்தில், வரி கட்டுவோர் நகராண்மை ஆணையர்களில் சிலரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். சொத்தும் வசதியும் உள்ள ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டுமே கிடைத்த உரிமை அது. ஆனாலும் வரி கட்டுகிறவனைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. 1913இல் காலனி அரசு அந்த ஏற்பாட்டைச் சட்டம் போட்டு நீக்கியது.

போருக்குப் பிறகு உரிமை திரும்பி வந்தது. 1951 டிசம்பர் 1ஆம் தேதி ஜோர்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. சுதந்திர மலாயாவை நோக்கிய பாதையில் மக்கள் போட்ட முதல் வாக்குகள் அவை. கோலாலம்பூருக்கு அந்த வாய்ப்பு 1952 பிப்ரவரியில்தான் கிடைத்தது. தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என்று மூன்று வட்டாரங்களிலிருந்து ஒன்பது பேர் தேர்வானார்கள். மற்ற உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள். 1956க்குள் நியமனம் ஒழிந்து, எல்லா உறுப்பினர்களும் மக்கள் வாக்கில் வரும் மன்றமாக அது வளர்ந்தது. 1957 ஜனவரி 1இல் ஜோர்ஜ்டவுன் மாநகரமானது. மின்சாரம், தண்ணீர், பேருந்து எல்லாவற்றையும் அந்த மாநகர் மன்றமே நடத்தியது.

1950களின் இறுதியில் அந்த மாநகரின் மேயர் நாற்காலியில் அமர்ந்தவர் டி. எஸ். ராமநாதன், தொழிலாளர் கட்சியைச் சேர்ந்தவர். முன்பு ஸ்காட் ரோடு என்றிருந்த சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரில், மக்கள் வாக்களித்து அனுப்பிய மன்றம் ஒரு ராமநாதனை மேயராக்கியது. ஊராட்சித் தேர்தல் வந்தால் சிறுபான்மைக்கு இடமிருக்காது என்று யாராவது சொன்னால், அந்தச் சாலைப் பலகையைக் காட்டுங்கள்.

பிறகு 1965 மார்ச் 1. இந்தோனேசியா நம் நாட்டின் மீது கொன்ஃப்ரொந்தாசி நடத்திக்கொண்டிருந்த நேரம். அவசரகால விதிகளின் கீழ் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் உறுதி கொடுத்தார். 1966 ஆகஸ்டில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அமைதி வந்துவிட்டது. தேர்தல் வரவில்லை. அதற்குள் அதே 1966இல், நிர்வாகக் கோளாறு என்ற குற்றச்சாட்டின் பேரில் ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்களை மாநில அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

ஆதி நாகப்பன் எழுதி வைத்த அறிக்கை

ஊராட்சி மன்றங்களில் என்னதான் கோளாறு என்று பார்க்க 1965இல் அரசே ஓர் அரச விசாரணை ஆணையம் அமைத்தது. தலைவராகப் பொறுப்பேற்றவர் செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா. தலைவர்களில் ஒருவர், ஆளும் கூட்டணிக்காரர். மன்றங்களின் குறைகளை அந்த ஆணையம் மூடி மறைக்கவில்லை. ஊர் ஊராக விசாரித்தது, வாக்குமூலம் வாங்கியது. 1968இல் அறிக்கையை முடித்தபோது அது சொன்ன முடிவு தெளிவானது: தேர்ந்தெடுத்த மன்றங்களில் எத்தனை குறை இருந்தாலும் நியமன மன்றங்களைவிட அவையே மேல், தேர்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அறிக்கை உடனே வெளிவரவில்லை. வெளிவந்த பிறகும் அதன் முதன்மைப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1973இல் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. 1976இல் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, வந்தது. அதன் 15ஆம் பிரிவை ஒவ்வொரு வரி செலுத்துவோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஊராட்சித் தேர்தல் பற்றி எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும் அது இனிச் செல்லாது என்கிறது அந்தப் பிரிவு. 10ஆம் பிரிவின்படி 8 முதல் 24 கவுன்சிலர்கள் வரை மாநில அரசே நியமிக்கும். போர்க்காலத்தில் நிறுத்திவைத்த உரிமை, சண்டை ஓய்ந்து பத்தாவது ஆண்டில், நிரந்தரமாகவே சட்டப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது.

ஜனநாயகம் என்றால் கணக்குக் கேட்பது

ஊர் அளவிலான வாக்கு என்பது சின்ன விஷயம், பெரிய தேர்தல்தான் இருக்கிறதே என்று சிலர் தேற்றிக்கொள்கிறார்கள். ஜனநாயகம் எங்கே முளைத்தது என்று பார்த்தால் அந்தத் தேறுதல் நிற்காது.

கி.மு. 508இல் ஏதென்ஸில் கிளைஸ்தெனிஸ் புதிய ஆட்சிமுறையைக் கட்டியபோது, சிற்றூர்களையும் நகரின் சிறு வட்டாரங்களையும்தான் அதற்கு அடித்தளமாக வைத்தார். 500 பேர் கொண்ட சபைக்கு அங்கிருந்துதான் ஆள் வந்தார்கள். பதவிக்காலம் முடிந்தவர் கணக்கை ஒப்படைத்துத் தணிக்கையில் தேற வேண்டும். அதற்கு முன் நாட்டைவிட்டு வெளியேறவும் அனுமதியில்லை. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமிருக்கவில்லை. அது அந்த ஏற்பாட்டின் பெரிய கறை. ஆனாலும் பொதுப்பணத்தைத் தொட்டவன் பொதுமக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கருத்து அங்கே சட்டமாக நின்றது.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டி, கோயில் சுவரில் வெட்டிய விதிகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலிருந்தும், வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருக்கத் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்குள் நடந்த தேர்வுதான் அது. ஊரில் உழைத்த பெரும்பாலோர் அதற்கு வெளியே நின்றார்கள். அதை மறைத்துப் பெருமை பேசக் கூடாது. ஆனால் அந்தக் கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு மறுபடி வாய்ப்பில்லை. அவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை. கடந்த மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவரும் குடத்துக்குள் வர முடியாது.

இரண்டு ஊர்களுக்கும் இடையே ஆயிரத்து நானூறு ஆண்டு, பல கடல். இரண்டும் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். நம் பணத்தைச் செலவு செய்கிறவர் நமக்குக் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாதவரை நாம் இறக்க வேண்டும். இறக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லாவிட்டால், நமக்கு மிஞ்சுவது மனுக் கொடுக்கும் அதிகாரம் மட்டுமே.

மனுவுக்கும் வாக்குக்கும் என்ன வித்தியாசம்? 2017 அக்டோபர் 21ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. இரண்டு வாரத்தில், நவம்பர் 4, 5 தேதிகளில், பினாங்கே வெள்ளத்தில் மூழ்கியது. மலைச்சரிவில் கட்ட அனுமதி, வடிகால் பராமரிப்பு என்று அப்போது எழுந்த கேள்விகளில் பல ஊராட்சியின் வேலையைத் தொட்டவை. குடியிருப்பாளர்கள் கடிதம் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், பதாகை பிடித்தார்கள். அடுத்த ஆண்டு மன்றத்தில் யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்ய மட்டும் அவர்களுக்கு வழியில்லை.

பினாங்கு கதவைத் தட்டிப் பார்த்தது

2008 பொதுத் தேர்தலில் பினாங்கில் ஆட்சி மாறியது. ஊராட்சித் தேர்தலை மீட்போம் என்பது புதிய ஆட்சியாளர்கள் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று. 2010இல் தேர்தல் ஆணையத்தைக் கேட்டார்கள், நடக்கவில்லை. 2012இல் மாநில சட்டமன்றம் பினாங்குத் தீவுக்கும் செபராங் பிறைக்கும் ஊராட்சித் தேர்தல் நடத்தத் தனிச்சட்டமே இயற்றியது. மாநில அரசும் அலிரான் அமைப்பின் பி. ராமகிருஷ்ணனும் கூட்டரசு நீதிமன்றம் வரை போனார்கள். 2014 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: 15ஆம் பிரிவு நடப்பில் இருக்கும்வரை மாநிலம் தனியாகத் தேர்தல் நடத்த முடியாது.

ஆகவே சாவி நாடாளுமன்றத்தில் இருக்கிறது. அந்த வாக்குறுதியைக் கொடுத்த கட்சிகள் 2018இல் கூட்டரசிலும் ஆட்சிக்கு வந்தன. ஊராட்சித் துறை அமைச்சர் மூன்று ஆண்டுக்குள் தேர்தல் என்றார். அந்த டிசம்பரிலேயே பிரதமர் மகாதீர், இன மோதல் வரும் என்று காரணம் காட்டி வேண்டாம் என்றார். 2022இல் அக்கட்சிகளில் பல மீண்டும் கூட்டரசில் அமர்ந்தன. 15ஆம் பிரிவு அசையவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும், நியமிக்கும் அதிகாரம் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் அதை விட மனம் வருவதில்லை. வாக்காளர்கள் நாம் விழித்திருக்க வேண்டியது இங்கேதான்.

இந்த ஐந்து பேச்சுகள் காதில் விழுந்தால் உஷார்!

ஒன்று: "நாட்டுப் பாதுகாப்புக்காகச் சிறிது காலம் தள்ளி வைக்கிறோம்." உடனே கேளுங்கள்: எந்தத் தேதி வரை? தேதி போடாத எந்த ஒத்திவைப்பையும் ஏற்காதீர்கள். 1965இல் நம் பெரியவர்கள் தேதி கேட்கவில்லை. அதன் விலையை மூன்று தலைமுறை கொடுத்துவிட்டது.

இரண்டு: "ஊராட்சித் தேர்தல் வைத்தால் இனக் கலவரம் வரும்." மே 13ஐச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஆண்டைப் பாருங்கள். 1969 மே 13 நடந்தபோது ஊராட்சித் தேர்தல்கள் நின்று நான்கு ஆண்டு ஆகியிருந்தது. அந்தக் கலவரம் பொதுத் தேர்தலை ஒட்டி வந்தது. அதற்காகப் பொதுத் தேர்தலை யாரும் ஒழித்துவிடவில்லை, ஒழிக்கவும் கூடாது. உள்ளூர் வாக்குச்சீட்டில் லொங்காங், குப்பை, வாகன நிறுத்துமிடம் என்று எல்லா இனத்துக்கும் பொதுவான சங்கடங்கள்தான் அதிகம் பேசப்படும்.

மூன்று: "தேர்ந்தெடுத்தவர்கள் ஊழல் செய்துவிட்டார்கள், அதனால் கலைக்கிறோம்." 1973இல் சென்னை மாநகராட்சியை மஸ்டர் ரோல் (கூலியாள் வருகைப் பதிவேடு) ஊழலைக் காரணம் காட்டிக் கலைத்தார்கள். அடுத்த மாநகராட்சித் தேர்தல் 1996இல்தான் நடந்தது. 23 ஆண்டு ஒரு மாபெரும் நகரம் அதிகாரிகள் கையில் இருந்தது. திருடியவரைப் பிடித்து வழக்குப் போடுங்கள், சிறையில் வையுங்கள். வாக்காளர் என்ன குற்றம் செய்தார்?

நான்கு: "தேர்தல் நடத்தப் பணமில்லை, நேரம் சரியில்லை, எல்லை மறுவரையறை முடியவில்லை." இலங்கையில் 2023 மார்ச் 9ஆம் தேதிக்கு அறிவித்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. வாக்கெடுப்பு 2025 மே 6இல் நடந்தது. வடக்கு மாகாண சபையின் நிலை இன்னும் மோசம். 2013இல் தமிழ் மக்கள் திரண்டு வந்து வாக்களித்து அமைத்த சபை அது. 2018இல் பதவிக்காலம் முடிந்தது, பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தல் வரவில்லை. தமிழ்நாட்டிலும் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை ஆனது. அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வேண்டும் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. எழுதி வைத்திருந்தும் அந்த நிலை என்றால், எழுதியதையே அழித்துவிட்ட நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

ஐந்து: "நல்லவர்களாகப் பார்த்துத்தானே நியமிக்கிறோம்." இதுதான் ஆபத்திலும் ஆபத்து, ஏனென்றால் சில நேரம் உண்மையாகவும் இருக்கும். நியமனத்தில் வந்த கவுன்சிலர்களில் ராப்பகலாக உழைப்பவர்கள் உண்டு. ஆனால் அவரை மறுபடி நியமிப்பது யார்? கட்சியும் மாநில அரசும். அவர் யாருக்குப் பயப்படுவார்? நியமித்தவருக்கு. நல்லவர் வந்தால் நம் அதிர்ஷ்டம், கெட்டவர் வந்தால் நம் தலைவிதி என்று விடுவதற்கு ஊர் நிர்வாகம் லாட்டரி அல்ல.

இப்போதே செய்ய வேண்டியவை

முதலாவது, உங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பான கவுன்சிலர் யார் என்று இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். பெயர்களை மாநகர் மன்றத்தில் கேட்டால் சொல்வார்கள். அடைத்துக்கொண்ட லொங்காங்கைப் படம் எடுத்து, தேதி போட்டு, அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும்.

இரண்டாவது, சட்டம் 171இன் 23ஆம் பிரிவின்படி மன்றத்தின் முழுக்கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை. பாடாங் கோத்தாவில் கடலைப் பார்த்து நிற்கும் அந்த வெள்ளை மாநகர் மண்டபம் உங்கள் வரிப்பணத்தில் பராமரிக்கப்படுகிறது. கூட்டத் தேதியை விசாரித்துக்கொண்டு நான்கு பேராகப் போய் உட்காருங்கள். பார்வையாளர் இருக்கையில் ஆள் இருந்தால் பேசுகிறவர் பேச்சு மாறும்.

மூன்றாவது, பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். மலேசியாவில் சிலாங்கூருக்கும் நமக்கும்தான் அப்படியொரு மாநிலச் சட்டம். குத்தகை, அனுமதி, செலவு பற்றி விண்ணப்பம் போட்டுக் கேளுங்கள். உள்ளூர்த் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வரும்போது காலக்கெடுவுக்குள் ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள். பிறகு வருந்திப் பயனில்லை.

நான்காவது, நம் வீட்டுக்குள் பார்ப்போம். ஆலய நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம் என்று நமக்கே எத்தனையோ அமைப்புகள் இருக்கின்றன. ஆண்டுப் பொதுக்கூட்டம் தள்ளிப் போகிறதா? கணக்கறிக்கையை வாசித்து முடிக்கும் முன்பே "ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று கைதட்டி விடுகிறோமா? தலைவர் பெரியவர், அவரிடம் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று வாயை மூடிக்கொள்கிறோமா? உண்டியல் பணத்துக்குக் கணக்குக் கேட்கப் பழகாத சமூகத்துக்கு மாநகர் மன்றத்தின் கோடிகளுக்குக் கணக்குக் கேட்கத் தெம்பு வராது. அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். கணக்கைக் கையில் வாங்கிப் படியுங்கள். மரியாதையாக, உரக்கக் கேளுங்கள்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றுக்கும் மேல். அடுத்த பொதுத் தேர்தலில் உங்கள் வாசலுக்கு வரும் ஒவ்வொரு நாடாளுமன்ற வேட்பாளரிடமும், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரே ஒரு கேள்வியை வையுங்கள்: "சட்டம் 171இன் 15ஆம் பிரிவை நீக்க வாக்களிப்பீர்களா? எந்த ஆண்டுக்குள்?" பார்க்கலாம், ஆய்வு நடக்கிறது, காலம் கனியட்டும் என்ற பதிலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தாதீர்கள். ஆய்வு 1968லேயே முடிந்துவிட்டது, செய்து கொடுத்தவர் ஆதி நாகப்பன் என்று சொல்லுங்கள். ஆண்டைச் சொல்லத் தயங்குகிறவருக்கு உங்கள் வாக்கு கிடையாது என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புங்கள். ஆயிரம் வாசலில் இதே கேள்வி எழுந்தால், அடுத்த தேர்தல் அறிக்கையில் அந்த ஆண்டு அச்சாகி வரும்.